முழு கன்டெய்னர்

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் பம்பு பட்டறைக்கென்று முதன்முதலாக ஒரு இருபதடி கன்டெய்னர் வந்து நின்றது. இத்தனை நாளும் எங்கள் பம்புகள் யாரோ திருப்பூர்க்காரரின் பனியன் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஓரமாக ஒண்டிக்கொண்டுதான் கப்பலேறின.

ஒரு கப்பல் எவ்வளவு கொள்ளும் என்பதை இருபதடிப் பெட்டிக் கணக்கில்தான் சொல்வார்கள். நாற்பதடி என்றால் இரண்டு. பத்து வருட ஏற்றுமதி மேலாளரான நான் ஒன்றைக்கூட எட்டியதில்லை.

“முப்பத்து மூணு கன மீட்டரு. இன்னைக்காச்சும் நிரம்புமா கண்ணு?” என்றார் முதலாளி மெர்சி அக்கா.

மரப்பெட்டிகளை டேப்பால் அளந்து, நீளம் அகலம் உயரத்தைப் பெருக்கினேன்.

“இருபத்தெட்டு வருதுங்க்கா. சந்துபொந்து போக அதுதான் முழுசு. இனி ஒரு டிபன் பாக்ஸ்கூட நுழையாதுங்க.”

“அப்ப மேனேஜர் பாஸுங்க” என்றார் பட்டறையின் மூத்த தொழிலாளி சின்னான் அண்ணன், கடைசிப் பெட்டியை இறுக்கிக் கட்டியபடி.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் வரவில்லை.

கதவைச் சாத்திச் சீல் வைத்ததும் லாரி டிரைவர் கேட்டார்: “ஏனுங்க, உள்ள பம்புங்களா?”

“இல்லீங்க. பம்பு செய்யற லேத்துங்க. வெளிநாட்டுல ஒருத்தர் பத்தையும் வாங்கிப்போட்டாருங்க” என்றேன்.

லாரி போனது. மெர்சி அக்கா பூட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

காலிப் பட்டறைக்குள், தன் லேத் இருந்த இடத்தில் சின்னான் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணா, வாங்க. பூட்டோணும்.”

“ஷிப்டு முடிய இன்னும் அரைமணி இருக்குதுங்களே” என்றார்.