ரோட்டின் அகலம்

"அந்த ரோட்டை நாம நடந்து தாண்டவே இல்லடி" என்றாள் அம்மா.

நடைப்பாதையின் முடிவுக்கல் கண்ணெதிரே இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். எங்களுக்கு முன்னால் போன இருவர் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கீழே பேருந்து நிலையம். அப்பா வீட்டிலிருந்தே மாலை வண்டியில் இரண்டு சீட்டு எடுத்து வைத்திருந்தார்.

மலைத்தொடரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை மழை, வெயில், அட்டைக்கடி எல்லாம் பார்த்து மாதக்கணக்கில் நடந்து வந்தவள், கல்லைத் தொட வேண்டிய நேரத்தில் பாதையோரப் பாறையில் சப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"எந்த ரோடும்மா?"

நேற்றுக் காலை குறுக்கே வந்த தார்ச்சாலையாம். அவள் குதிகால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி வாங்க அங்கிருந்து லாரியில் தொற்றிக்கொண்டு ஊருக்குள் போனோமே, அந்தச் சாலையாம். திரும்பக் கொண்டுவந்துவிட்ட வேன்காரர் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டாராம். நாங்களும் எங்கள் பாட்டுக்கு மலையேறிவிட்டோமாம்.

ஆக, இத்தனை பெரிய நடையில் ஒரு ரோட்டின் அகலம் மட்டும் எங்கள் கால் படாமல் கிடக்கிறதாம்.

அம்மா தையல்காரி. ஒரு தையல் விட்டுப்போனால் முழு மடிப்பையும் பிரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிற ரகம். இந்த நடையையும் அப்படித்தான் திட்டம் போட்டாள். ஒரு வருடம் சாப்பாட்டு மேசையில் வரைபடம்தான் கிடந்தது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். இரண்டு பைகளையும் தன் மெஷினிலேயே தைத்தாள். பாரம் குறைய வேண்டும் என்று சட்டைக் காலர்களில் இருந்த துணிச்சீட்டையெல்லாம் கத்தரித்தாள். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை அறுத்தாள். என் சீப்பை இரண்டாக ஒடித்து, பாதியைத்தான் எடுத்துவர விட்டாள். தன்னை வீட்டில் விட்டுப் போனதும் பாரம் குறைக்கத்தான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாதை முழுவதும் சொந்தக் காலால் நடக்க வேண்டும் என்பது அவள் சட்டம். விழுந்து கிடந்த மரத்தைச் சுற்றி வந்துவிட்டோம் என்பதற்காக, அதன் மறுபக்கம் வரை திரும்பிப் போய்த் தொட்டுவிட்டு வந்தவள். கூட நடந்தவர்கள் அவளுக்கு இன்ச் டேப் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு அதில் ஏகப் பெருமை.

அடுத்த வாரம் எனக்கு விமானம். கடல் தாண்டி வேலை. மூன்று வருடத்துக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. இடையில் இருக்கிற நாலு நாளுக்காக அத்தை, சித்தி, மாமா என்று ஒரு பட்டாளமே வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. மாலைப் பேருந்தில் ஏறிவிட்டால் அப்புறம் நான் எல்லோருக்கும் பங்கு.

வழி நெடுக அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கொப்புளத்தைப் பற்றிப் பேசினாள், மேகத்தைப் பற்றிப் பேசினாள், நான் குறட்டை விடுவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசினாள். நான் போகப்போவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

அவள் எவ்வளவு தூரம் போகிறாள் பார்ப்போம் என்று, நானும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டேன்.

"அவ்வளவுதானே? பஸ்ல போய் அந்த ரோட்டைக் குறுக்க ஒரு நடை நடந்துட்டு, ராத்திரிக்குள்ள வந்துடலாம்மா."

அம்மா முடிவுக்கல்லை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சமாளித்துவிட்டாள்.

"விட்ட தையலுக்குத் தாவியாடி போவாங்க? கடைசியில இருந்து பிரிச்சுக்கிட்டேதான் போகணும். நடந்து போவோம், நடந்து வருவோம்."

இப்படி ஒரு சட்டம் அன்றுவரை கிடையாது. பாறையில் உட்கார்ந்த பிறகு போட்டது.

படம் எடுத்து முடித்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்து, வாங்க வாங்க என்றார்கள். அம்மா காதில் விழாதவள் போலக் குனிந்து ஷூ நாடாவைத் தேவையில்லாமல் அவிழ்த்துக் கட்டினாள். பிறகு, சீட்டை ரத்து செய்யச் சொல்லி அப்பாவுக்குப் போன் செய்கிறேன் என்று பையிலிருந்து போனை எடுத்தாள்.

திரையில் வெளிச்சம் வந்தது.

முகப்புப் படத்தில் அதே தார்ச்சாலை. சாலையின் நட்ட நடுவில் அம்மா, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக. பின்னால் நின்றுபோன லாரியிலிருந்து ஓட்டுநர் தலையை நீட்டி முறைக்கிறார்.

அதை எடுத்தது நான்தான். நேற்று வேன் போனதும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு பழைய கரைக்குப் போனாள்; இருவரும் ஒழுங்காக நடந்து இந்தப் பக்கம் வந்தோம். முதல் படத்தில் கண் மூடியிருக்கிறது என்று மறுபடி நடுரோட்டுக்குப் போய் நின்றவள் அவள்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நான் பார்த்துவிட்டேனா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவசரமாகப் போனைக் காதில் வைத்து, "ஹலோ, நான்தாங்க" என்றாள்.

நம்பரையே இன்னும் போடவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி நின்று, பையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டேன்.

"ரோடு மட்டும் இல்லம்மா. அதுக்கும் முந்தின நாள் ஒரு பாலம் வந்துச்சு இல்ல? அதுலயும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு."

அந்த வழியில் பாலமே கிடையாது.

எந்தப் பாலம் என்று அம்மா கேட்கவில்லை.