பின்னால் நின்ற கொம்பு

தொலைக்காட்சியில் ஒருத்தி தாளிதத்துக்குக் கடுகு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தின் மேல் நீலக் கட்டம் ஒன்று வந்து விழுந்தது.

நேசம் குசினியில் வெங்காயம் உரித்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ரிமோட்டைத் தேடினாள். கொட்டாஞ்சேனைக் கடையில் இருக்கும் அவள் கணவர் வரதராசா வெள்ளவத்தை வீட்டுக்குச் செய்தி அனுப்புவது இப்படித்தான்.

அவர் சற்றலைற் டிவிப் பெட்டிகள் விற்பவர், திருத்துபவர். வீட்டுப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற மென்பொருள். அதற்குள் யாரும் கை வைக்கலாம், யாரும் மாற்றலாம், கேள்வி கேட்க ஆளில்லை என்பார். அவரும் கை வைத்தார். இங்கிலீஷைத் தூக்கிவிட்டுத் தமிழ் போட்டார். 'ஆம்' என்று போடச் சொன்ன சிநேகிதனிடம், "என்ர மனுசி ஓம் எண்டுதான் சொல்லுறவ. அதுவும் எப்பவாவதுதான்," என்று சொல்லி 'ஓம்' போட்டார்.

பச்சைப் பொத்தான் 'ஓம்'. சிவப்பு 'இல்லை'. அமத்தினால் பதில் அந்தக் கணமே கடைக்குப் போய்விடும்.

மீன்குழம்பு மிச்சமிருக்கோ? ஓம். இன்னும் கோபமோ? ஓம்.

வெள்ளை வான் வண்டிகள் வந்து போக ஆட்கள் காணாமல் போகத் தொடங்கிய பிறகு அவர் போனில் வீட்டுக் கதை கதைப்பதை விட்டுவிட்டார். பெட்டியை யாரும் ஒட்டுக்கேட்க மாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை.

பெட்டிக்கு ஒரேயொரு குறை. தமிழ் எழுத்தின் ஒழுங்கு அதற்குத் தெரியாது. எழுத்தை அடித்துவிட்டு எ, ஏ ஓசைக்கான கொம்பை அடித்தால், கணினி கொம்பைத் தூக்கி எழுத்துக்கு முன்னால் வைக்கும். பெட்டி அப்படிச் செய்யாது. வந்த வரிசையிலேயே போட்டுவிடும். ஆகவே அவர் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தைப் பிறகு அடிப்பார். கடைக் கணினியில் அது கண்டபடி கிடக்கும். வீட்டுத் திரைக்கு வரும்போது அச்சடித்தது போல நிற்கும்.

"எழுத்தும் என்னை மாதிரித்தான். கடையில தள்ளாடுற வெறிக்குட்டி, வீட்டில வாத்தியார்," என்பார்.

இன்றைய செய்தி நீளமானது.

'நேசம், வான் கீழே வாசலில் நிக்குது. பெட்டியள் பாரம். தம்பியைக் கீழே அனுப்பு. வருவானோ?'

தம்பி என்றால் தயாபரன், நேசத்தின் கடைசித் தம்பி. வவுனியாவிலிருந்து வந்தவன். கொழும்புக்கு வரும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும்; அவன் இன்னும் பதியவில்லை. வந்த நாள் தொடக்கம் அறையை விட்டு வெளியே போகாதவன். பின்னேர ரயில் கடற்கரையோரம் போனாலும் எழும்பி உட்காருகிறவன்.

அவன் இப்போது அறை வாசலில் நின்று திரையைப் பார்த்தான். அத்தான் கூப்பிடுகிறார் என்றதும் அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. வெளியே போக ஒரு சாட்டு.

"என்னக்கா இது, அத்தான்ர எழுத்துக்கு வாதமே? கொம்பெல்லாம் முறிஞ்சு பின்னால தொங்குது."

சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினான்.

நேசம் அப்போதுதான் கட்டத்தை வடிவாக உற்றுப் பார்த்தாள். அவளுடைய பெயரிலேயே 'ந' முன்னால் நிற்க, கொம்பு பின்னால் நின்றது. 'கீழே'யிலும் அப்படித்தான்.

இத்தனை காலத்தில் ஒரு நாளும் அவர் இந்தப் பிழை விட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் விட்டதில்லை.

வேறு யாரோ எழுதியிருக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் வேறு யாரும் 'வருவானோ' என்று கேட்டு ஓம், இல்லை போட மாட்டார்கள். இப்படி ஒரு வழி இருப்பது இந்த வீட்டுக்கும் அந்தக் கடைக்கும் மட்டும்தான் தெரியும்.

எழுதியது அவர்தான்.

மேசையில் அவளுடைய போன் கிடந்தது. அது அடிக்கவில்லை. வாசலுக்கு வானை அனுப்பியவர் ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். போனில் சொன்னால் குரல் மட்டும்தான் வரும். கொம்பு வராது.

இங்கே கோணலாக வந்திருக்கிறதென்றால், அங்கே, கடைக் கணினியில், எல்லாம் நேராக இருந்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் நின்று ஒருவர் வாசிக்கக்கூடியதாக. தமிழ் தெரிந்த ஒருவர்.

தயாபரனின் கை தாழ்ப்பாளில் இருந்தது.

"தம்பி."

அவன் திரும்பினான்.

"செருப்பைக் கழட்டிக் கையில எடு. குசினிப் பல்கணியால பக்கத்து மர்லியா வீட்டுக்குப் போ. கதைக்காத."

அவன் திரையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான்.

பக்கத்துப் பல்கணியில் மர்லியாவின் குரல் கேட்டது. "பாத்து வாங்க மகன், பூச்சட்டி ஈக்கி, கால் படும்." பிறகு அங்கே கதவு சாத்தும் சத்தம்.

நேசம் வாசல் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாளையும் போட்டாள். கடுகு போட்டவள் எப்போதோ போய்விட்டாள்; அந்த இடத்தில் சவர்க்கார விளம்பரம் ஓடியது. கட்டம் மட்டும் அதன் மேல் அப்படியே நின்றது.

சிவப்பை அமத்தினால், கடையில் அவருக்குப் பின்னால் நிற்பவர் அதை வாசிப்பார்; பிறகு அவரை விடமாட்டார்.

அவள் பச்சையில் விரலை வைத்தாள். வெங்காய மணம் ரிமோட்டில் ஒட்டியது.

ஓம்.

கீழே, வாசலில், ஒரு வானின் கதவை இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது.