தடுக்க ஒரு குரல்

"மூணு வருஷமா ஒரு பூ வைக்கல. கிளையெல்லாம் காஞ்சுக்கினு வருது. வெட்டிடப் போறேன்!" ஏனாத்தூர் வீட்டுத் தோட்டத்தில், மாமரத்தின் முன் கோடாலியை ஓங்கினார் பரசுராமன்.

"வேணாங்க, விட்டுடுங்க. அடுத்த வருஷம் காய்க்கும்" என்று கெஞ்சல் எழுந்தது.

காய்க்காத மரத்தை இப்படி ஒருவர் மிரட்ட, இன்னொருவர் தடுத்தால், அது பயந்துபோய்க் காய்க்கும் என்பார்கள். வருஷா வருஷம் தை மாதத்தில் அந்த வீட்டில் மிரட்டுவது பரசுராமன், தடுப்பது மனைவி அமுதா.

சத்தம் கேட்டு மகள் ஜோதிகா ஓடி வந்தாள். "யாரு கூடப்பா பேசிக்கினு இருக்கே?"

தோட்டத்தில் வேறு யாருமில்லை. அமுதா செத்து மூன்று வருஷமாகிறது.

பரசுராமன் கோடாலியை மகளிடம் நீட்டினார்.

"ஆள இட்டாந்து வெட்டிடும்மா. இது இனிமே பயப்படாது. மிரட்டறதும் தடுக்கறதும் நான்தான்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."