யாராக இருந்தாலும்

“அண்ணே, உள்ள போய் அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினே, அதோட நமக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!”

அக்ரா தலைமைச் செயலக வாசலில், அத்தனை பேர் முன்னாலும் ஓடோய் இப்படிக் கத்தினான். தபால் தந்தி ஊழியர்களின் வேலைநிறுத்தத்துக்கு அவன்தான் தலைவன். விலைவாசி ஏறியது, சம்பளம் ஏறவில்லை. மீன்காரப் பெண்கள் கூடை கூடையாகக் கென்கே என்கிற மக்காச்சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் கொண்டுவந்து கொடுக்க, ஒருவர்கூட வேலைக்குத் திரும்பவில்லை. எங்கள் சனம் ஒரு முடிவெடுத்தால் இப்படித்தான்.

அவன் அண்ணே என்றது கூடப்பிறந்த அக்வேயை. அவர் பெரிய வக்கீல். வெள்ளைக்கார ஆளுநரின் ஆலோசனைக் குழுவில் எங்களவர் என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

“கறுப்புத் துரை வராரு, வழி விடுங்கடா!” என்று யாரோ கிண்டலடித்தார்கள். அக்வே தலையைக் குனியாமல் உள்ளே போனார்.

உள்ளே அரசு வழக்கறிஞர் மெக்ரே மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“அரசாங்க ஊழியன் வேலைய நிறுத்தினா மூணு வருஷம் ஜெயில். நிறுத்துவேன்னு மிரட்டினாலே ஜெயில்! இன்னைக்கே அவசரச் சட்டம் போட்டாத்தான் அடங்குவானுங்க.”

“எத்தனை பேரைப் பிடிப்பீங்க?” என்றார் தொழிலாளர் துறை அதிகாரி பெல். “ஜெயில் வார்டனும் அரசாங்க ஊழியன்தான். அவனும் வெளிய போய் நின்னுட்டா, பூட்டை நீங்களா பூட்டுவீங்க?”

“தலைவனைப் பிடிச்சாப் போதும். மத்தவன் தானா வழிக்கு வருவான்.”

தலைவன் என்றால் ஓடோய்.

ஆளுநர் அக்வே பக்கம் திரும்பினார். “வக்கீல், நீங்க என்ன சொல்றீங்க? உங்க ஜனங்களாச்சே.”

“சட்டம் வரட்டும் சார்.”

பெல் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“ஆனா ‘ஊழியர்’னு மொட்டையா எழுதினா கோர்ட்டுல நிக்காது” என்றார் அக்வே. “ ‘அரசாங்கச் சம்பளம் வாங்கும் எவரும், எந்தப் பதவியில் இருந்தாலும்’னு எழுதுங்க. ஒருத்தரும் தப்பக் கூடாது.”

மெக்ரேக்கு வாயெல்லாம் பல். “அட, படிச்சுட்டு டாக்டர், மாஜிஸ்ட்ரேட்னு திரியுற உங்க ஆளும் மாட்டுவான்! நீர் எங்க ஆளுய்யா!”

“போன வாரத்துல இருந்தே செல்லும்னும் சேர்த்துக்குங்க.”

“சேர்த்தாச்சு!”

எல்லாரும் கை தூக்கினார்கள். அக்வேயும் தூக்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஊளையிட்டது. ஓடோய் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆளுநர் பேனாவைத் திறந்தார்.

“கையெழுத்துப் போடறதுக்கு முந்தி ஒரு சந்தேகம் சார்” என்று அக்வே எழுந்தார். அவர் அன்று நின்ற நிலையை நினைத்தால் எங்களுக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

“பிள்ளைங்களை இங்கிலாந்துல படிக்க வைக்கத் தனி அலவன்ஸ் வேணும், தரலேன்னா திங்கட்கிழமை ஒருத்தரும் வேலைக்கு வர மாட்டோம்னு வெள்ளைக்கார அதிகாரிகள் சங்கம் போன சனிக்கிழமை உங்ககிட்ட நோட்டீஸ் குடுத்திருக்கே, ஊருக்கே தெரியும். அந்தச் சங்கத்துக்குத் தலைவர் மெக்ரே ஐயாதான். போலீசை இப்பவே உள்ள கூப்பிடட்டுமா?”

“நாங்க ஊழியர் இல்லய்யா, நாங்கதான் அரசாங்கம்!” என்று அலறிய மெக்ரே, ஆளுநரின் பேனா அப்படியே நின்றுவிட்டதைப் பார்த்ததும், தானே எழுதிய சட்டத்தைத் தானே பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார்.