ஐந்தாவது பாக்ஸ்

"மீனு, பிரியாணி, கூல்டிரிங்ஸு, எல்லாம் வெச்சுட்டேன் தம்பி. இந்த கேம் பொட்டிய மட்டும் பாட வெச்சுக் குடுத்துடு. அதையும் சேத்துப் படைச்சுடறேன்" என்றாள் அஞ்சம்மாள்.

கலைவாணன் தலையாட்டிவிட்டுப் பையைத் திறந்தான். முதலியார்பேட்டையில் ஸ்பீக்கர் விற்கிற சின்னக் கடை அவனுடையது. கல்யாண வீட்டில், காதுகுத்து வீட்டில் எல்லாம் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறான். படையலுக்கு மாட்டுவது இதுதான் முதல் தடவை.

தேங்காய்த்திட்டில் அஞ்சம்மாள் வீட்டு முன்னறையில் வாழையிலை விரித்திருந்தது. இலைக்கு மேலே, மாலை போட்ட படத்தில் அவள் மகன் முத்துவேல் சிரித்துக்கொண்டிருந்தான். இருபத்துமூன்று வயது. அவன் போய் இன்றோடு ஒரு வருடம். வறுத்த வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் அவன் டிவியில் மாட்டி விளையாடிய கேம் பெட்டியும் குங்குமம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பதினாறாம் நாளும் காக்கா சோத்தத் தொடல" என்றார் அப்பா குமாரவேல். "அமாவாசைக்கு அமாவாச வெச்சுப் பாத்துட்டோம். வருது, மதில்ல உக்காருது, பாக்குது, போயிடுது. புள்ளைக்கு என்னமோ கொற இருக்குது."

"என்னா கொறன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அஞ்சம்மாள். "ஆசையா இந்த அஞ்சு ஸ்பீக்கர் பாக்ஸ வாங்கினான். பிரிக்காமயே போயிட்டான். அட்டப்பொட்டியில ஒங்க கடை நம்பரு இருந்துச்சு, அதான் கூப்ட்டேன்."

கலைவாணன் அவள் முகத்தைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தான். கேம் பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கேபிள், அங்கிருந்து டிவிக்கு இன்னொன்று. முன்னால் மூன்று பாக்ஸ், பின்னால் வலது மூலையில் ஒன்று. இடது மூலையில் ஜன்னலோரம் வைத்த ஐந்தாவது பாக்ஸுக்கு வந்தபோது பை காலியாகிவிட்டது.

"இதுக்கு ஒயர் பத்தலம்மா. சுவத்த சுத்திக் கொண்டாரணும். பத்து மீட்டர் வேணும்."

"கடையில போயி வாங்கிட்டு வரச் சொல்லவா?"

"வேணாம், யாரும் போவ வேணாம்" என்றான் கலைவாணன் அவசரமாக.

"ராகுகாலம் வேற வந்துடும். நாலு பாடினா போதும்" என்றார் குமாரவேல்.

அஞ்சம்மாள் கற்பூரத் தட்டை எடுத்தாள். "சோத்துல கை வெச்சவன் தம்பி. ஒரு போன் வந்துச்சு. 'தோ வந்துடறேம்மா'ன்னு எழுந்து போனான். பெரிய மார்க்கெட்டாண்ட வேன் மோதிடுச்சு. யாரு கூப்ட்டா, எதுக்குக் கூப்ட்டா, ஒண்ணும் தெரியல. போனும் நொறுங்கிப்போச்சு. அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டா எனக்குத் தூக்கம் வரும்."

கலைவாணன் கார்ப் பந்தய விளையாட்டைப் போட்டான். தொடங்குவதற்குப் பட்டனை அழுத்தச் சொல்லித் திரை காத்து நின்றது. கற்பூரம் காட்டியதும் மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். போனவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. அறையில் யாரும் இருக்கக் கூடாது.

வெயிலுக்கு ஒதுங்கி ஜன்னலருகே நின்றார்கள். இரண்டு நிமிடம் போயிருக்கும். உள்ளே கார் உறுமியது.

அஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வந்துட்டான். எம்புள்ள வந்துட்டான்."

கலைவாணனுக்கு விஷயம் தெரியும். யாரும் பட்டனைத் தொடாவிட்டால் அந்த விளையாட்டு தானாகவே கொஞ்சம் ஓடிக் காட்டும். அதற்காகவே அதைப் போட்டிருந்தான். பெற்ற வயிறு குளிரட்டும் என்று சும்மா இருந்தான்.

காரின் சத்தம் அறையைச் சுற்றியது. முன்பக்கம் கேட்டது, வலப்பக்கம் கேட்டது, பின்னால் வலது மூலையிலும் கேட்டது. ஜன்னல் மூலைக்கு வந்ததும் சத்தம் அறுந்துபோய், மறுபடி முன்பக்கம் கேட்டது. ஒயர் இல்லாத மூலை, அப்படித்தான் கேட்கும். இரண்டாவது சுற்றிலும் அதே இடத்தில் அறுந்தது.

மூன்றாவது சுற்றில் அறுபடவில்லை. சாத்திய ஜன்னலுக்கு அந்தப் பக்கம், அவன் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் கார் உறுமிக்கொண்டு போனது.

எதிரொலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நான்காவது சுற்றில் அப்படிச் சொல்லிக்கொள்ளவும் நாக்கு எழவில்லை.

சத்தம் அடங்கியதும் குமாரவேல் கதவைத் திறந்தார். இலையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு போய் வாசல் மதிலில் வைத்தார். காகம் வந்தது. உட்கார்ந்தது. சோற்றைத் தொடவில்லை.

"பொட்டியும் பாடிடுச்சு. இன்னும் என்னாடா வேணும் ஒனக்கு?" என்றார் குமாரவேல்.

உள்ளேயிருந்து அஞ்சம்மாள் கேட்டாள். "ஒயர் பத்தலன்னியே தம்பி. இத எப்ப மாட்டுன?"

கலைவாணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ஆம்ப்ளிஃபயரிலிருந்து சுவரைச் சுற்றி, ஐந்தாவது பாக்ஸ் வரைக்கும் புத்தம் புது மஞ்சள் ஒயர் ஓடியது. அதன்மேல் ரோட்டு மண் ஒட்டியிருந்தது.

திரும்பி மதிலைப் பார்த்தான். காகம் சோற்றை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போய் அஞ்சம்மாளின் முன்னால் உட்கார்ந்தான்.

"அம்மா, அன்னிக்கு போன் பண்ணது நான்தான். 'ஒரு பாக்ஸுக்கு ஒயர் பத்தாது, மார்க்கெட்டாண்ட மஞ்ச ஒயர் பத்து மீட்டர் வாங்கி வெய்யி, வந்து மாட்டித் தரேன்'னு சொன்னேன். சாப்பாட்டுலேர்ந்து எழுந்து போவான்னு நெனக்கலம்மா. ஒரு வருஷமா ஒங்ககிட்ட வந்து சொல்லத் தைரியம் வரல."

மதிலில் காகம் குனிந்து முதல் வாய் எடுத்தது.