முப்பது வீட்டிலும் ஒரே பதில்

"வெளிநாட்டு ராணுவம் இருக்கணுமா, போகணுமா?" என்று பாக்தாத் தெருவொன்றில் வீடு வீடாகக் கருத்துக்கணிப்பு எடுத்தாள் சாஹிரா. முப்பது வீட்டிலும் "இருக்கட்டும்" என்றார்கள்.

கடைசி வீட்டு உம்மு லைத்தும் அதையே சொன்னதும் சாஹிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்து ரொட்டிக்கடையில அவனுங்களைக் கரிச்சுக் கொட்டினது யாரு பெரியம்மா? இந்தக் கணிப்பைப் படிச்சா, அவனுங்க இருக்கணும்னு நாம ஆசைப்படறோம்னு அவனுங்க வருஷக்கணக்கா உட்கார்ந்துடுவானுங்க! மிரட்டினானுங்களா?"

"என்னையா? போடி!"

உம்மு லைத் அவளை உள்ளே இழுத்தாள். ஊரே மின்வெட்டில் வெந்துகொண்டிருக்க, அங்கே ஏசி ஜில்லென்று ஓடியது.

"அவனுங்க முகாம் ஜெனரேட்டர் நம்ம சுவருக்குப் பின்னாலதான். தெருவுக்கே திருட்டு வயர் இழுத்தாச்சு. வெயில் தணியட்டும், போகச் சொல்லிடலாம்."

சாஹிரா ஏசிக்கு நேராகப் போய் நின்றாள்.

"பெரியம்மா, அந்த வயர் எங்க தெரு வரைக்கும் எட்டுமா?"