கோர்ட்டு வாசல் கோவிந்தன்

“அந்தப் புரோக்கரை எவன்டா உள்ள விட்டது?”

எங்கள் தெரு அமல்ராஜ் வந்து என் காதைக் கடித்தான். எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் கக்கத்தில் தோல்பையோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தான் கோவிந்தன்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அன்றைக்கு எங்கள் அண்ணனூர் அன்பியத்தின் ஆண்டு விழா. தெருவில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒருத்தருக்கு மரியாதை செய்வோம். இந்த வருஷம் வக்கீல் ஞானகுமாரி அம்மாவுக்கு. அத்தான் இறந்த கையோடு அவர் தம்பிமார் என் அக்கா ஜெபாவை முத்தாபுதுப்பேட்டை வீட்டை விட்டே துரத்தப் பார்த்தார்கள். பத்துப் பைசா வாங்காமல் வாதாடி, அக்கா அங்கேயே இருக்கலாம் என்று போன வாரம் உத்தரவு வாங்கிக் கொடுத்த புண்ணியவதி அவர்.

அவர் விழாவில், கோர்ட்டு வாசலில் ஆள் பிடித்துப் பிழைக்கிறவனா? நேரே போய் நின்றேன்.

“யோவ், எந்திரி.”

“இன்னா சார்?”

“உனக்கெல்லாம் இங்க என்னய்யா வேலை?”

“மேடம்தான் வரச் சொல்லிச்சு சார்.”

“மேடம் உன்னைக் கூப்பிட்டாங்களா? அடிச்சு விடாதே!”

பின்னாலேயே வந்த அமல்ராஜ் எகிறினான். “என் மச்சானோட பத்திரத்தை வாங்கி வெச்சுக்கிட்டு எட்டு மாசம் அலைய விட்டியே, ஞாபகம் இருக்கா?”

“கீது சார். மறக்கல” என்றான் கோவிந்தன். எழுந்து வெளியே போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்தான். தொல்லை விட்டது என்று நானும் கூடவே போய் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்தது. வக்கீலம்மாவும் அக்காவும் இறங்கினார்கள். கோவிந்தனைப் பார்த்ததும் அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

“தம்பி, இவரை எங்கடா அனுப்பறே?”

“இவன் புரோக்கர்க்கா.”

“அட லூசு! கோர்ட்டு கேட்டுல ஒருத்தர் என்னைத் திட்டினாருன்னு சொன்னேனே, அவர்டா இவரு!”

சொல்லியிருந்தாள்தான். யாரோ பியூன் என்று நினைத்திருந்தேன்.

“காரியம் முடிச்சுத் தர்றேன்னு சொன்ன எவன்கிட்டயோ வீட்டுப் பத்திரத்தை நீட்டிட்டேன்டா. இவர்தான் வெடுக்குன்னு பிடுங்கி என் பையிலேயே திணிச்சாரு. ‘அறிவு கீதா உனக்கு? ரெண்டாவது மாடில இலவச சட்ட உதவி மையம் கீது, நேரா போ’ன்னு கத்தினாரு. அன்னிக்கு இவர் கத்தலன்னா இன்னிக்கு நான் தெருவுலதான்.”

வக்கீலம்மா சிரித்தார். “எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேர் இவர் திட்டி அனுப்பினவங்கதான். இல்லேன்னா மேல அப்படி ஒரு இடம் இருக்கிறதே யாருக்கும் தெரியாது.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உள்ளே ஓடி, வாங்கி வைத்திருந்த சால்வைகளில் ஒன்றை எடுத்து வந்தேன்.

“தெரியாம பேசிட்டேங்க. மன்னிச்சுக்குங்க. மேடைக்கு வாங்க.”

கோவிந்தன் இரண்டடி பின்னால் போனார். “ஐயோ, வாணாம் சார்! சால்வ போடுவீங்க, போட்டோ புடிப்பீங்க, வாட்ஸப்புல சுத்தும். அப்பால எவன் என்னாண்ட வருவான்?”

“நல்லவர்னு தெரிஞ்சா இன்னும் நிறைய பேர் வருவாங்களே?”

“அதான் இல்ல. ஜனங்க நல்லவன எங்க தேடுது? காரியம் முடிச்சுக் குடுக்குற புரோக்கர் எவன்னுதான் கேட்டுகினு வருது. டீக்கடைல என்னக் காட்றாங்க. நான் திட்டி மேல அனுப்பிடறேன். இது வெளிய தெரிஞ்சா மத்த புரோக்கருங்க அந்த எடத்துல என்ன நிக்க வுடுவானுங்களா?”

“அப்போ அமல்ராஜ் மச்சான் விஷயம்?”

“அது நெசம் சார். மின்ன அதான் தொழிலு. அந்தப் பாவத்த இப்பிடித்தான் கய்விகினு கீறேன்.”

“அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?”

“இந்த அம்மாவுக்கு ஊடு கெடச்சிடுச்சுன்னு மேடம் சொல்லிச்சு. ஒரு தபா கண்ணால பாத்துட்டுப் போலாம்னு.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திடீரென்று கோவிந்தனின் குரல் இறங்கியது. “திரும்பாத சார். வாசப்படில நீலச் சட்ட. நெசமான புரோக்கர் அவன். இங்கயும் ஆள் புடிக்க வந்துகீறான். நம்மளயேதான் பாக்கறான்.”

வக்கீலம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விட்டார். நான் சால்வையைச் சுருட்டி வயிற்றோடு அணைத்து மறைத்தேன்.

“இப்போ நான் என்ன செய்யணும்?”

“மின்ன திட்னியே, அதே மாரி திட்டு. சத்தமா.”

வாய் எழவில்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் எவ்வளவு சுலபமாக வந்தது!

“திட்டு சார், சீக்கிரம்.”

கத்தினேன். “யோவ் புரோக்கர்! உனக்கெல்லாம் இங்க என்னய்யா வேலை? இந்தப் பக்கம் இனிமே தலைவெச்சுக்கூடப் படுக்கக் கூடாது. போய்யா வெளிய!”

தெருவே திரும்பிப் பார்த்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். நீலச் சட்டைக்காரன் இளித்துவிட்டு உள்ளே போனான். அப்பாடா, நம்பிவிட்டான்!

கோவிந்தன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“இத்த வுடவா சார் சால்வ பெர்சு?”